விசா முடிந்த துரை

இத்ரூஸின் கந்தோருக்கு ஏறுகிற மரப்படிகளில் மூன்றாவது படி மட்டும் பேசும். மற்றதெல்லாம் ஊமை. பதுளை பஸார் வீதியில் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மேசை, இரண்டு கதிரை, வந்தவர்கள் உட்கார ஒரு வாங்கு. இதற்குப் பெயர் 'இத்ரூஸ் இன்டர்நேஷனல்'. இன்டர்நேஷனல் என்ற சொல் பலகையில் கொள்ளாமல் கடைசி இரண்டெழுத்தும் சுவரில் இருக்கும். "உலகம் பெரிசு, பலகை சின்னது" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மூன்றாவது படியின் சத்தத்தை வைத்தே வருகிறவரை அவர் கண்டுபிடிப்பார். கட்டாருக்குப் போகிற பொடியன் மிதித்தால் கீச்சென்று கத்தும். அவனை அனுப்ப வந்த தாய் மிதித்தால் முனகும். முன்பெல்லாம் ஆட்களை வெளியே அனுப்புவதுதான் தொழில். நாடு கடனில் விழுந்து, கையூன்றி எழும்பின பிறகு வெளியாட்கள் கம்பனி திறக்க உள்ளே வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கம்பனி பதிந்து, வதிவிட விசா எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இத்ரூஸ் மாறினார்.

"வாசல் அதேதான், காத்துத்தான் திரும்பி வீசுது," என்றார் மனைவியிடம்.

"போனவங்களும் நல்லா ஈக்காங்க, வந்தவங்களும் நல்லா ஈக்காங்க," என்றாள் ஹம்ஸியா. "வாசல்ல நின்டு தடிமன் புடிச்சது நீங்க மட்டுந்தான்."

அந்தக் காற்றில் வந்தவர்தான் கிர்ஸி. பின்லாந்துக்காரி. ஐம்பது வயது, ஆறடி உயரம், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனுஷி. தேயிலை மலைகளில் காற்றுக்கு மறைப்பாக நட்ட டேப்பன்டைன் என்கிற யூக்கலிப்டஸ் மரங்கள் காடாக நிற்கின்றனவே, அவற்றின் இலையை அவித்து எண்ணெய் எடுத்துத் தன் ஊருக்கு அனுப்புவது அவருடைய திட்டம். அங்கே சூடான மர அறைக்குள் அந்த எண்ணெயைத் தெளித்துவிட்டு உட்கார்ந்து வியர்ப்பார்களாம். "நாங்க தடிமனுக்குத் துணியால மூடி ஆவி புடிக்கிறோம். அவங்க அதுக்கு ரூம் கட்டிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்," என்று இத்ரூஸ் ஊருக்கு விளக்கினார்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் முடித்துப்பார் என்று சொன்ன ஆள் கம்பனி பதிந்து பார்த்ததில்லை. விசாவுக்குக் கம்பனி வேண்டும். கம்பனிக்கு முகவரி வேண்டும். முகவரிக்குக் குத்தகை வேண்டும். குத்தகைக்கு ஒரு வீடு வேண்டும். தேடி அலைந்து இத்ரூஸ் பிடித்ததுதான் ஹல்துமுல்லைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்துப் பெரிய பங்களா. தோட்டத்துத் தொழிற்சாலை மூடிப் பல காலம். பங்களாவும் கிட்டத்தட்ட மூடின மாதிரித்தான். சமையலறைக்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகளில் காவல்காரத் தம்பையாவும் அவர் மனைவி இராக்கம்மாவும் மட்டும் இருந்தார்கள்.

அவர்கள் அங்கே வந்ததே ஒரு மழையால். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்துக்கு மேல் மலை வாய் பிளந்து, இனி யாரும் அங்கே படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றக் குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின. இவர்களுக்குப் போக ஓரிடமில்லை. தோட்டத்து மனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "பங்களாவக் குத்தகைக்கு எடுக்க ஆள் வந்து, ஒங்கள வேலைக்கு வச்சிக்கிட்டா இருங்க. இல்லாட்டி மாசம் முடியச் சாவியக் குடுத்துட்டு எறங்கணும்." கிர்ஸி வந்து, பார்த்து, இராக்கம்மா சுட்ட தேங்காய் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் கண்ணில் தண்ணீர் வரத் தின்றுவிட்டு, இருவரும் தன்னோடேயே இருக்கட்டும் என்று சொன்னார். குத்தகையில் கையெழுத்துத்தான் பாக்கி. அதற்குள் பெட்டியோடு குடிவந்தும் விட்டார்.

பிறகுதான் அந்த அழைப்பு.

"மிஸ்டர் இத்ரூஸ், இந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். ஒப்பந்தத்தில் அவருடைய பெயர் இல்லை. நான் பண்டாரவளைக்குப் போகிறேன்."

மறுநாளே இத்ரூஸ் கொழும்பு பஸ்ஸில் ஏறி ஹல்துமுல்லையில் இறங்கினார். ஓட்டோக்காரன் இன்பாஸ் பங்களா வளைவுக்கு இப்பாலேயே நிறுத்திவிட்டான்.

"பின்னேரத்துல அங்கிட்டுப் போனா வண்டி ஸ்டாட் ஆகாது நானா."

"ஒன்ட வண்டி காலையிலயும் ஸ்டாட் ஆகாதேடா."

"அது பேட்டரி. இது வேற."

நடந்து ஏறினார். உடம்பு ஏற மறுத்தாலும் வயிறு முன்னால் போய் வழிகாட்டியது. கீழே வெல்லவாயப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மூடுபனி தேயிலைக்குள்ளால் ஆள் நடப்பதுபோல நடந்து வந்தது. பங்களா முற்றத்துச் சைப்பிரஸ் மரங்களின் கீழே, அந்தக் காலத்தில் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்கார ஹார்வி துரையின் கல்லறை பாசி பிடித்துக் கிடந்தது.

"வாங்க நானா," என்றார் தம்பையா. மெலிந்த ஆள். சிரித்தால் முகத்தில் பாதி சிரிக்கும், பாதி யோசிக்கும். "துரைசாணி போறேங்குது. நீங்கதான் பேசிப் பாக்கணும்."

"என்ன நடக்குது இங்க? ஒளிக்காமச் செல்லுங்க."

தம்பையா விறாந்தையின் பிரம்புச் சாய்மனைக் கதிரையைக் காட்டினார். "ஹார்வி தொரைதாங்க. அந்தக் கதிரையிலதான் உசிரு போச்சு. நாலு மணிக்கு நடமாட்டம் இருக்கும். ஊருக்கே தெரியும்."

அதைச் சொல்லும்போது அவர் இத்ரூஸைப் பார்க்கவில்லை. சமையலறையில் இராக்கம்மா, எரிகிற அடுப்பில் இன்னொரு விறகை வைத்தாள். தேவையில்லாத விறகு.

"தொரை கண்ணால தெரிவாரா?"

"தெரிய மாட்டாருங்க. சத்தம் மட்டுந்தான்."

"எங்கட மனேஜர்மாரும் அப்படித்தானே," என்றார் இத்ரூஸ். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காத இடத்தில் பகிடி விடுவது அவருக்குப் பழக்கம். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். இவருக்கு வாய் திறக்கும்.

கிர்ஸி விறாந்தையில் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். பனி முற்றத்தைத் தின்று, கல்லறையைத் தின்று, விறாந்தைப் படிகளை நக்கிக்கொண்டு நின்றது. நாலு மணி ஆனது.

முதலில் சமையலறையில் ஒரு சலசலப்பு. இராக்கம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றதை நடைவழியின் ஊடாக இத்ரூஸ் கண்டார். ஒடுக்கமான பாதையில் எதிரே வருகிறவருக்கு வழிவிடுவது போல. பிறகு நடைச் சத்தம். மெதுவான, நெருக்கமான அடிகள். அதோடு கூடவே இன்னொன்று: கோப்பை அதன் அடித்தட்டான பீரிசில் உரசுகிற சின்னச் சிணுங்கல். சத்தம் சாப்பாட்டறையைக் கடந்தது. இத்ரூஸின் தோளைக் கடந்தது. விறகுப் புகை மணத்தது. கதிரைக்குப் பக்கத்து முக்காலியில் 'டொக்' என்று ஒன்று வைக்கப்பட்டது. முக்காலியில் ஒன்றுமில்லை.

அவ்வளவுதான். திரும்பிப் போகிற சத்தம் இல்லை.

இத்ரூஸின் உதடு காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸி வசனத்தைப் பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"எனக்குப் பயமில்லை," என்றார் கிர்ஸி, அவருடைய தட்டையான ஆங்கிலத்தில். "ஆனால் அறிமுகமில்லாத ஒருவர் தினமும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். வேலைக்குப் பேசிய பிள்ளைகளும் இந்தப் பக்கம் வரமாட்டோம் என்கிறார்கள். நான் போகத்தான் வேண்டும்."

சமையலறை வாசலில் தம்பையாவும் இராக்கம்மாவும் நின்றார்கள். ஆங்கிலம் விளங்காது. 'போக' என்பது எந்தப் பாஷையிலும் அவர்களுக்கு விளங்கும். இராக்கம்மாவின் கண் அறைக்குள் சுருட்டிவைத்த பாய்மேல் போய் வந்தது.

அந்தப் பார்வைதான் இத்ரூஸைப் பிடித்து உலுக்கியது. மனசு இளகினால் அவருக்கு மூளை வேலை செய்யாது. வாய் செய்யும்.

"மேடம், இது சின்னப் பிரச்சினை. ஹார்வி துரை வெளிநாட்டுக்காரர். விசா முடிந்து ஐம்பது வருஷமாவது ஆகியிருக்கும். இதற்குப் பெயர் ஓவர்ஸ்டே."

கிர்ஸி சிரித்தார். இத்ரூஸ் அவருடைய பல்லைக் கண்டது அன்றைக்குத்தான்.

"அப்படியென்றால் அனுப்பி வையுங்கள். அது உங்கள் தொழில்தானே. அவர் போனால் நான் இருக்கிறேன்."

பகிடிக்குச் சொன்னது வேலையாகிவிட்டது. இத்ரூஸின் வாழ்க்கையில் பாதி இப்படித்தான் நடந்தது, கலியாணம் உட்பட.

இத்ரூஸ் விஷயத்தைச் சொன்னதைத் தம்பையா தலையைக் குனிந்து கேட்டார். துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"என்னா செய்வீங்க நானா?"

"ஒரு கடதாசி அடிச்சிக் கொண்டாந்து அவருக்கு முன்னால வாசிக்கிற. ஒங்கட விசா ரத்து, ஒங்கட நாட்டுக்குப் போங்கன்டு. கடைசியில சீல் குத்துற."

"இங்கிலீஸுலதானே படிப்பீங்க?"

"தொரைக்கு வேற என்னத்துல படிக்கிற? இங்கிலீஸ்லதான்."

"இங்கிலீஸ் மட்டுந்தானே?"

"அட, ஓ தம்பையாண்ணே."

"அப்ப சரிங்க," என்றார் தம்பையா. பெருமூச்சு விட்டார். எதற்கு இந்தப் பெருமூச்சு என்று இத்ரூஸ் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. என்ன பகிடி எழுதலாம் என்பதில்தான் புத்தி இருந்தது.

மறுநாள் தன் கலியாணக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். பொத்தான் போட இடமில்லாததால் திறந்தே விட்டார். பையில் கம்பனி சீல். அதிகாரிகள் தொண்டையைச் செருமுவதுபோல ஒருமுறை செருமினார். நாலு மணிக்குச் சத்தம் சமையலறையில் புறப்பட்டதும் வாசிக்கத் தொடங்கினார். மாண்புமிகு ஹார்வி துரை அவர்களே, தாங்கள் இத்தீவில் அனுமதியின்றித் தங்கியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது, தாங்கள் இறந்துவிட்டீர்கள் என்பது காலதாமதத்துக்குத் தகுந்த காரணமாக ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. எல்லாம் நல்ல ஆங்கிலம். கிர்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சத்தம் நிற்கவில்லை. கோப்பை சிணுங்கச் சிணுங்க அது சாப்பாட்டறைக்குள் வந்தது. இத்ரூஸுக்குக் கடதாசியில் வரி பிசகியது. நாக்குத் தன் சொந்தப் பாஷைக்கு ஓடிவந்துவிட்டது.

"போதும் போதும். பெட்டியக் கட்டு. கோச்சிக்கு நேரமாகுது. ஒன்ட நாட்டுக்குப் போ."

சொல்லிக் கதிரைக் கையில் சீலை ஓங்கிக் குத்தினார்.

சத்தம் நின்றது. சாப்பாட்டறையின் நடுவில், இதுவரை ஒருநாளும் நின்றிராத இடத்தில். கோப்பை மட்டும் சிணுங்கியது, நடுங்குகிற கையில் இருப்பதுபோல. பிறகு அடிகள் திரும்பின. வந்ததைவிட வேகமாக. சமையலறையில் இராக்கம்மா "ஐயோ" என்றாள். பின்கதவு திறந்து சுவரில் மோதியது.

எல்லோரும் ஓடிப் பார்த்தார்கள். பின்வாசல் ஈரமண்ணில் அடிகள் பதிந்திருந்தன. பங்களாவின் பின்னால் மேலே ரயில்பாதைக்கு ஏறுகிற குறுக்குவழியில் அவை பனிக்குள் போய் மறைந்தன. வெறுங்கால். அகலமாக விரிந்த விரல்கள். ஒருநாளும் சப்பாத்துக்குள் போகாத விரல்கள்.

"அவசரத்துல தொரை சப்பாத்தயும் விட்டுட்டு ஓடிட்டார் போல," என்றார் இத்ரூஸ்.

தம்பையா பின்படியில் அப்படியே குந்திவிட்டார். இராக்கம்மா இத்ரூஸைப் பார்த்த பார்வை அவர் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வந்தது அது மட்டுமல்ல.

கிர்ஸியின் வீடு அமைதியாகிவிட்டது. வருகிற திங்கள் கையெழுத்து என்று சொல்லியனுப்பினார். இத்ரூஸ் விசாவுக்கான கடதாசிகளை அடுக்கிக்கொண்டு கந்தோரில் உட்கார்ந்திருந்தபோது மூன்றாவது படி பேசியது.

அந்தச் சத்தம் அவருக்குப் பிடிபடவில்லை. பொடியனுமில்லை, தாயுமில்லை, வெள்ளைக்காரருமில்லை. யாரோ தன் பாரத்தால் படிக்கு நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து மிதிப்பது போல இருந்தது. அடிகள் மேலே வந்தன. வாசலில் ஒருவருமில்லை. வாங்கின் ஓரம் லேசாகக் கிறீச்சிட்டது. விறகுப் புகை மணத்தது. கீழே பாத்திரக் கடைக்காரன் யாருடனோ பித்தளை விலை பேசிக்கொண்டிருந்தான். சுவர் மணிக்கூடு நாலு காட்டியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அந்த நேரத்தில் கந்தோரைப் பூட்டிவிட்டு எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தார். மேலே ஜன்னலுக்குள் யாரோ காத்திருப்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல வராது. காத்திருக்கிற அறைக்கு ஒரு முகம் இருக்கிறது.

வீட்டில் ஹம்ஸியா சோற்றுத் தட்டை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன, வீட்டுல பகிடிச் சத்தமே இல்ல? பக்கத்து வூட்டு ஸஜீதா வந்து கேக்குறா, ஒங்கட மனுசருக்கு சொகமில்லயான்டு."

இத்ரூஸ் சொன்னார். பேய் என்று சொல்லாமல், ஆள் என்றே சொன்னார். ஹம்ஸியா சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் லீக்ஸ் கறியை இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"ஒங்கட கந்தோருக்கு மனுசர் என்னத்துக்கு வாரது?"

"விசாவுக்கு."

"அப்ப அதுக்குத்தான் வாரார்."

"தொரைக்கு நான் விசா குடுக்குறதா?"

"தொரையா அது?" என்றாள் ஹம்ஸியா. "வாங்குல ஓரத்துல உக்கார்றார்னு நீங்கதானே சென்னீங்க. தொரைமார் ஓரத்துலயா உக்கார்ற? கோப்பையத் தூக்கிக்கிட்டு நடந்தார்ன்டும் சென்னீங்க. தொரை தேத்தண்ணி குடிக்கிற ஆள். தூக்குற ஆளா?"

இத்ரூஸின் கையில் இருந்த சோறு தட்டுக்கே திரும்பியது. சமையலறையிலிருந்து விறாந்தைக்கு. வெறுங்காலால். பின்கதவால். இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. விசா ஆபீசரைப் போலக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற ஆளுக்குத்தான் தெரியவில்லை.

விடிந்ததும் ஊசிமலைக்குப் போனார். மழை தூறியது. தம்பையா பின்படியில் அதே இடத்தில் குந்தியிருந்தார், அன்றைக்கிலிருந்து எழும்பவேயில்லை என்பதுபோல.

"சோறு தண்ணி இல்ல நானா," என்றாள் இராக்கம்மா. "மூணு வேளையும் அந்தக் குறுக்கு வழியையே பாத்துக்கிட்டு இருக்காரு. பாலு காய்ச்சினா திரியுது. அடுப்பு பத்த மாட்டேங்குது. வீட்டுல ஆள் இல்லாத மாதிரி இருக்குங்க. நாங்க ரெண்டு பேரு இருக்கோம், துரைசாணி இருக்கு, ஆனா ஆள் இல்ல."

இத்ரூஸ் கோட்டு இல்லாமல், குடையையும் மடக்கிவைத்துவிட்டுத் தம்பையாவுக்குப் பக்கத்தில் படியில் இருந்தார்.

"யாரண்ணே அது?"

தம்பையா குறுக்குவழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "எங்க அப்பன்," என்றார்.

மழைத் தண்ணீர் பீலியால் ஒழுகியது.

"பேரு மாயழகு. ஹார்வி தொரைக்குக் குக்கு. நாலு மணின்னா நாலு மணி, டீ போயிரணும். அப்ப எனக்கு எட்டு வயசுங்க. ரெண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆளுகளப் பங்கு பிரிச்சிக்கிட்டு, பாஸ்போட்டு வந்திருச்சின்னாங்க. அப்பனுக்கு இந்தியா. எங்க அம்மா பேரு, அவுங்க அப்பன் இந்த நாட்டுக் குடியுரிமைக்குப் போட்ட மனுவுல இருந்ததால அம்மாவுக்கும் எனக்கும் இங்க. புருசனுக்கு ஒரு நாடு, பொஞ்சாதிக்கு ஒரு நாடு. ஊரு பேரு கூடத் தெரியாதுங்க எங்கப்பனுக்கு. பொறந்தது இந்த லயத்துல. அவரு போக மாட்டேன்னு ஒளிஞ்சி ஒளிஞ்சி இருந்தாரு. ஒரு நாள் பொலிசு வந்திச்சி. டீக்குத் தண்ணி கொதிச்சிக்கிட்டு இருந்திச்சி. எறக்கி வைக்கக்கூட விடல."

"தொரை ஒண்ணுஞ் செல்லலயா?"

"விறாந்தையில உக்காந்திருந்தாரு. டீ வரல. ஏன் வரலன்னு அவருக்குத் தெரியும். வாயத் தொறக்கல." தம்பையா கையைத் துடைத்தார். "பொலிசுக்காரன் சொன்னது இன்னும் காதுல இருக்கு. பெட்டியக் கட்டு, கோச்சிக்கு நேரமாகுது, ஒன் நாட்டுக்குப் போன்னான். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சின்னுதாங்க பேரு. தலைமன்னார் போய், கப்பலேறி, மண்டபம் கேம்புல எறக்குனாங்க. கேம்ப விட்டு வெளிய போறதுக்குள்ளயே செத்துட்டாரு. தந்தி வந்த அன்னிக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கோப்பைச் சத்தம் கேட்டுச்சி. அன்னில இருந்து இங்கதான்."

உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, இத்ரூஸின் நாக்கு அந்தப் பொலிசுக்காரனின் சொற்களையே பொறுக்கி எடுத்திருக்கிறது.

"ஏன்ணே செல்லல? ஏன் தொரைன்டு சென்னீங்க?"

"தொரை பேயின்னா மரியாதங்க," என்றார் தம்பையா. "கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. வாற ஆளு போட்டோ புடிக்கும். குக்கு பேயின்னா பூசாரியக் கூட்டியாந்து வேப்பங்கொழையால அடிச்சி வெரட்டிருவாங்க. அதான் நாங்களே தொரைன்னு சொல்லி வச்சோம். நீங்க இங்கிலீஸுல படிப்பேன்னீங்க. அப்பனுக்கு இங்கிலீஸ்ல டீ, யெஸ்ஸார் தவுர ஒண்ணுந் தெரியாது. அது தொரைக்குத்தானே, இவர ஒண்ணுஞ் செய்யாதுன்னு நெனச்சேன். வீடு நிக்கும், அவரும் நிப்பாருன்னு நெனச்சேன்."

"நான்தான் தமிழ்ல..."

"ஆமாங்க," என்றார் தம்பையா. கோபமாகச் சொல்லியிருந்தால் இத்ரூஸுக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அவர் இப்ப என்ட கந்தோர்ல ஈக்கார்."

தம்பையா சட்டென்று நிமிர்ந்தார். "பதுளையிலயா? இந்தியாவுக்குப் போகலயா?"

"போகல்ல. தெனமும் நாலு மணிக்கு வந்து வாங்குல குந்துறார்."

இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பையாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது.

"அவரக் கூட்டியாந்தா துரைசாணி போயிரும். துரைசாணி இருந்தா இவரு வரக் கூடாது. நான் என்னா நானா செய்யிறது? சாவியக் குடுத்துட்டு நாங்க எறங்கிர்றோம். நாங்க போற எடத்துக்கு அவரு வருவாரா?"

"எங்க போவீங்க?"

"அதத்தானே நானும் கேக்குறேன்."

பின்னால் கிர்ஸி நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இத்ரூஸ் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். பகிடி ஒன்றும் கலக்காமல் அவர் மொழிபெயர்த்தது அதுவே முதல் தடவை. கிர்ஸி மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவர் எனக்குத் தேநீர்தான் கொண்டுவந்தாரா?"

"அப்படித்தான் தெரிகிறது மேடம்."

"என் ஊரில் வீட்டோடு ஒரு ஆள் இருப்பார். கண்ணுக்குத் தெரியமாட்டார். நத்தார் பண்டிகைக்கு அவருக்குக் கஞ்சி வைப்போம். அவரைத் துரத்தின வீட்டில் யாரும் குடியிருக்க மாட்டோம்." கொஞ்சம் நிறுத்தினார். "யாரென்று தெரியாததுதான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. இப்போது தெரியும். நான் கையெழுத்து வைக்கிறேன். நீங்கள் போய் அவரைக் கூட்டிவாருங்கள். அது உங்கள் தொழில்தானே."

பதுளைக்குத் திரும்பியபோது நாலு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. இத்ரூஸ் மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை. வாங்கின் நடுவில் உட்கார்ந்தார், ஓரத்தில் இடம் விட்டு. மூன்றாவது படி பேசியது. வாங்கு கிறீச்சிட்டது. உடம்பு மயிர் எல்லாம் எழும்பி நின்றது. எழும்பாதது அவர் மட்டுந்தான்.

"மாயழகண்ணே," என்றார். குரல் அவருடையதாக இல்லை. "நான் சென்னது சட்டம் இல்ல. அது வாய்க்கொழுப்பு. ஒங்கள அனுப்புறதுக்கு எனக்கு அதிகாரமும் இல்ல, அருகதையும் இல்ல. விசா கேட்டுத்தான் வந்தீங்கன்டா, தர மாட்டேன். விசா வெளியாளுக்கு. ஊட்டுக்குப் போறவருக்கு என்னத்துக்கு? எழும்புங்க. பஸ்ஸுக்குப் போவோம்."

பிறகு வாங்கு இலேசானது.

கொழும்பு பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தைக் காலியாக விட்டு இத்ரூஸ் உட்கார்ந்தார். கண்டக்டர் ஸப்ரான் தெரிந்த பொடியன்.

"ஹல்துமுல்ல ரெண்டு."

"ரெண்டா? நானாக்கு ரெண்டு சீட் வேணுந்தான், ஆனா ஒரு டிக்கட் போதும்."

வேறு நாளாக இருந்தால் இத்ரூஸ் இதற்குப் பத்துப் பதில் வைத்திருப்பார். "ரெண்டு ஆள், மகன்," என்றார்.

ஸப்ரான் தோளைக் குலுக்கிக் கிழித்துக் கொடுத்தான். பண்டாரவளையில் சனம் ஏறியது. வெலிமடைக் கிழங்கு மூட்டையோடு ஏறிய ஒரு பெண் அந்தச் சீட்டில் உட்காரக் குனிந்தாள். என்ன நினைத்தாளோ, நிமிர்ந்து நின்றுகொண்டே வந்தாள். ஹப்புத்தளை வளைவுகளில் பனி பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக மூச்சு படிந்து மங்கியது. இத்ரூஸ் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். கழுத்தைத் திருப்பினால் திரும்ப முடியும். திருப்பவில்லை.

ஹல்துமுல்லை நெருங்கும்போது ஸப்ரான் கூட்டத்துக்குள்ளால் நெளிந்து வந்து குனிந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நானா, கூட வாற பெரியவர் எங்க எறங்குறார்? இந்தக் குளிருக்குச் செருப்புக்கூட இல்லாம கூட்டிட்டு வந்தீக்கீங்களே."

இத்ரூஸ் கையிலிருந்த இரண்டு டிக்கட்டையும் பார்த்தார்.

"அவரும் என்னோடதான்," என்றார். "அவர்ட ஊர் இதுதான்."

பங்களாவுக்கு முன்வழியால் போகவில்லை. பின்னால் சுற்றித் தேயிலைக்குள்ளால் ஏறினார். இருட்டிவிட்டிருந்தது. பின்கதவு அகலத் திறந்திருந்தது. அடுப்பு நன்றாக எரிந்தது. இராக்கம்மா தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இறக்காமல், சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கிர்ஸி நடைவழியில் நின்றார், அவரும் ஒதுங்கி. தம்பையா பின்படியில் குந்தியிருந்தார்.

இத்ரூஸ் மூச்சு வாங்க நின்றார். அவரைக் கடந்து யாரோ படியேறினார்கள்.

உள்ளே கேத்தல் அடுப்பிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. கோப்பை பீரிசில் சிணுங்கியது. அது நடைவழிக்குத் திரும்பி, விறாந்தைப் பக்கம் இரண்டடி வைத்து, நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு சத்தம் பின்னுக்கு வந்தது. பின்வாசலைத் தாண்டிப் படியில் இறங்கித் தம்பையாவுக்குப் பக்கத்தில், அவருடைய முழங்காலோரம், 'டொக்' என்று நின்றது.

அங்கே ஒன்றுமில்லை. தம்பையா அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

பனி தேயிலைக்குள்ளால் மேலேறியது. இத்ரூஸ் கைமணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணித் தேத்தண்ணிக்கு ஏழு மணி ஆகியிருந்தது. அதைப் பற்றி ஒரு பகிடி வாய் வரைக்கும் வந்தது. வந்த வழியாலேயே அதை அனுப்பிவிட்டு, அவரும் படியில் ஓரமாகக் குந்தினார்.